வானம் தெளிவாக இருக்கும்போதே

(பிரிக்ஃபீல்ட்ஸில் நிகழ்த்திய சொற்பொழிவின் எழுத்து வடிவம்)



காட்டுத்தீயிலிருந்து நம் வீடுகளைக் காத்துக்கொள்வது பற்றிப் பேச அழைத்தார்கள். காட்டுத்தீ என்றதும் மனத்தில் வருவது தொலைக்காட்சியில் பார்த்த வெளிநாட்டுக் காட்சிகள்தாம். 2023 ஆகஸ்டில் ஹவாயின் மாவி தீவில் லஹைனா என்ற ஊரே எரிந்து, நூறு பேருக்கு மேல் மாண்டார்கள். 2025 ஜனவரியில் லாஸ் ஏஞ்சலஸின் பாலிசேட்ஸ், ஆல்டடீனா பகுதிகளில் தெருத்தெருவாக வீடுகள் சாம்பலாயின. அங்கே தீ வாசலுக்கே வருகிறது. குடும்பம் பையை எடுத்துக்கொண்டு காரில் ஏறிப் புறப்பட்டாக வேண்டும்.

கிள்ளான் பள்ளத்தாக்கில் நமக்கு நேர்வது வேறு. நம்மில் பெரும்பாலோர் வாசலுக்குத் தீ வருவதில்லை, புகை வருகிறது. புறப்பட்டுப் போகலாம் என்றாலும் போக இடமில்லை. பந்திங்கில் எப்படியோ அப்படியே ரவாங்கிலும் இருக்கும். ஆகவே இங்கே வீட்டைத் தயார் செய்வது என்றால், முதலாவதாக வீட்டுக்குள் சுவாசிக்கத் தகுந்த காற்றைச் சேர்த்து வைத்துக்கொள்வது. புகை இறங்கிய பிறகு இதற்காகச் செய்யக்கூடியது மிகக் கொஞ்சம். 2013-லும் 2015-லும் மருந்தகங்களில் முகக்கவசம் தீர்ந்துபோனது உங்களுக்கு நினைவிருக்கும். வானம் நீலமாக இருக்கும் மாதத்தில் செய்ய வேண்டிய வேலை இது. அதனால்தான் இன்றைக்குப் பேசுகிறேன்.

இந்தப் புகை எங்கிருந்து வருகிறது என்பதை முதலில் புரிந்துகொள்ள வேண்டும். புரிந்தால்தான் பிறகு சொல்லப்போகும் ஒவ்வொன்றுக்கும் காரணம் விளங்கும்.

சிலாங்கூரின் கடலோரத் தாழ்நிலத்தில் கணிசமான பகுதி தானா கம்புட். ஆயிரக்கணக்கான ஆண்டுகளாக விழுந்த இலையும் கிளையும் மரமும் தண்ணீருக்குள் கிடந்து, காற்றுப் படாததால் முழுதாக மக்காமல் அடுக்கடுக்காகச் சேர்ந்த மண் அது. இயல்பான நிலையில் அதன் கனஅளவில் பத்தில் ஒன்பது பங்கு தண்ணீர்தான், ஊறிய பஞ்சைப் போல. அந்த நிலையில் நெருப்பு வைத்தாலும் பற்றாது. செம்பனை நடவும் காய்கறி போடவும் வீடு கட்டவும் நாம் பரிட் எனும் வடிகால் வெட்டித் தண்ணீரை வடித்துவிடுகிறோம். வற்றிய கம்புட் மண் சுருங்குகிறது, கறுத்துப் பொடிகிறது. ஒருமுறை நன்றாகக் காய்ந்துவிட்டால் மறுபடி தண்ணீர் ஊற்றினாலும் எளிதில் உறிஞ்சாது. அதன் பிறகு அது வெறும் மண் அன்று, பல மீட்டர் ஆழத்துக்கு அடுக்கி வைத்த எரிபொருள்.

அதில் பற்றும் தீ கொழுந்துவிட்டு எரிவதில்லை. உள்ளுக்குள் கனன்று நகர்கிறது. இன்றைக்கு இங்கே அணைந்ததாகத் தோன்றும். சில நாள் கழித்து வேறொரு பக்கம் மேலே வரும். போதிய பிராணவாயு இல்லாமல் அரைகுறையாக எரிவதால் புகையும் கார்பன் மோனாக்சைடும் மிக அதிகம். தீயணைப்பு மீட்புப் படையினர் வாரக்கணக்கில் ஒரே இடத்தில் நின்று போராட வேண்டியிருப்பது இதனால்தான். மேலே தண்ணீர் பீய்ச்சினால் போதாது. பரிட்டை அடைத்து, குழாய்க் கிணறு போட்டு, நிலத்தடி நீரையே மேலே ஏற்றி மண்ணை மூழ்கடிக்க வேண்டும். அல்லது பெருமழை வர வேண்டும்.

இந்தோனேசியாவின் சுமத்ராவிலும் கலிமந்தானிலும் இதே கதை, பல மடங்கு பெரிய அளவில். 1990-களின் நடுவில் மத்திய கலிமந்தானில் பத்து லட்சம் ஹெக்டேரை நெல்வயலாக்கும் திட்டத்தை சுஹார்தோ அரசு தொடங்கியது. ஆயிரக்கணக்கான கிலோமீட்டர் கால்வாய் வெட்டினார்கள். நெல் விளையவில்லை. 1997-ல் எல் நினோ வறட்சி வந்தபோது அந்த வற்றிய நிலம் எரிந்தது. அந்த ஆண்டு செப்டம்பரில் சரவாக்கில் அவசரகாலம் அறிவித்தார்கள், கூச்சிங்கில் காற்றுத் தூய்மைக்கேட்டுக் குறியீடு 800-ஐத் தாண்டியது. அதே மாதம் 26-ம் தேதி மேடான் அருகே புகைமூட்டத்துக்கு நடுவே கருடா விமானம் விழுந்து 234 பேர் இறந்தார்கள். நம்மில் நாற்பது வயதைக் கடந்தவர்களுக்கு அந்த மாதங்களின் மஞ்சள் சூரியன் மறந்திருக்காது.

கிள்ளான்காரர்களுக்கு அதைவிட நெருக்கமான நாள் 2005 ஆகஸ்ட் 11. கிள்ளான் துறைமுகத்திலும் கோல சிலாங்கூரிலும் காற்றுத் தூய்மைக்கேட்டுக் குறியீடு 500-ஐத் தாண்டியதும் அங்கே அவசரகாலம் அறிவிக்கப்பட்டது. 13-ம் தேதி விலக்கிக்கொண்டார்கள். 1997-ஐ அடுத்த ஆண்டுகளில் குறியீட்டு எண்கள் பொதுமக்களுக்குச் சொல்லப்படாமல் இருந்தன. சுற்றுலா பாதிக்கும் என்ற அச்சம். அந்த 2005 ஆகஸ்டில்தான் மறுபடி வெளியிடத் தொடங்கினார்கள். இன்றைக்குக் கைத்தொலைபேசியைத் திறந்தால் மணிக்கு மணி எண் தெரிகிறதே, அது அவ்வளவு எளிதாகக் கிடைத்த உரிமை அன்று. அதைப் பார்க்கும் பழக்கத்தை வீட்டில் ஒருவராவது வைத்துக்கொள்ள வேண்டும் என்று நான் வற்புறுத்துவதற்கு இதுவும் ஒரு காரணம்.

2013 ஜூன் 23 காலையில் மூவாரில் எண் 746. 2015-ல் பள்ளிகள் பல நாள் மூடப்பட்டன. 2019 செப்டம்பரிலும் அப்படியே. 2015 செப்டம்பர், அக்டோபர் புகையை ஆராய்ந்த ஹார்வர்ட், கொலம்பியா பல்கலைக்கழக ஆய்வாளர்கள், இந்தோனேசியா, மலேசியா, சிங்கப்பூர் மூன்றிலும் சேர்த்து ஒரு லட்சம் பேர் அதனால் உரிய காலத்துக்கு முன்பே இறந்திருக்கலாம் என்று மதிப்பிட்டார்கள். அதில் மலேசியாவின் பங்கு 6,500. மரணச் சான்றிதழில் யாருக்கும் 'புகை' என்று எழுதுவதில்லை. மாரடைப்பு என்றும் பக்கவாதம் என்றும் நுரையீரல் அழற்சி என்றும்தான் எழுதுகிறார்கள்.

இதை நம் சமூகம் தனியாகக் கவனிக்க வேண்டும். புகையில் நமக்கு எதிரி பி.எம். 2.5 எனும் நுண்துகள். தலைமுடியின் தடிமனில் முப்பதில் ஒரு பங்குகூட இராது. மூக்கிலும் தொண்டையிலும் தங்காமல் நுரையீரலின் அடிவரை இறங்கி, இரத்தத்தோடும் கலக்கிறது. ஆகவே புகைமூட்டத்தை இருமல் சமாச்சாரமாக மட்டும் நினைப்பது தவறு. இருதயத்துக்கும் அதனால் ஆபத்து. 2019-ம் ஆண்டின் தேசிய சுகாதாரக் கணக்கெடுப்பில் மலேசிய இந்தியப் பெரியவர்களில் நூற்றுக்கு 31 பேருக்கு நீரிழிவு என்று தெரிந்தது; எல்லா இனங்களிலும் அதுவே அதிகம். சர்க்கரையும் இரத்தக் கொதிப்பும் உள்ள அப்பா, 'எனக்கு ஆஸ்துமா இல்லையே' என்று புகையில் நடைப்பயிற்சிக்குப் போவார். அவரைத்தான் முதலில் தடுக்க வேண்டும்.

குறியீட்டைப் படிக்கும் விதத்தைச் சொல்லிவிடுகிறேன். 50 வரை நன்று, 100 வரை மிதம், அதற்கு மேல் 200 வரை உடல்நலத்துக்குக் கேடு, 300 வரை மிகக் கேடு, 300-க்கு மேல் ஆபத்து. 100-ஐத் தாண்டினால் பள்ளிகளில் வெளிப்புற நடவடிக்கை கூடாது. 200-ஐத் தாண்டினால் பள்ளியை மூடலாம். ஆனால் ஒன்றைக் கவனியுங்கள். இந்த எண் கடந்த 24 மணிநேரச் சராசரியிலிருந்து கணக்கிடப்படுகிறது. பிற்பகலில் புகை திடீரென்று இறங்கினால் எண் அதைக் காட்ட நேரமாகும். அதுவரை உங்கள் கண்ணையும் மூக்கையும் நம்புங்கள். எப்போதும் தெரியும் எதிர்க் கட்டடம் மங்கலாகிவிட்டால், எண் 90 என்று சொன்னாலும் ஜன்னலைச் சாத்துங்கள். 2018-க்கு முன்பு கணக்கில் பி.எம். 2.5 சேரவே இல்லை. அதனால் பழைய ஆண்டுகளின் எண்ணோடு இன்றைய எண்ணை நேருக்கு நேர் ஒப்பிடவும் வேண்டாம்.

இப்போது வீட்டுக்குள் வருவோம்.

முழு வீட்டையும் புகையிலிருந்து காக்க முடியாது. நம் வரிசை வீடுகளும் பழைய ஃப்ளாட்டுகளும் காற்றோட்டத்துக்காகவே கட்டப்பட்டவை. வாசற்படிக்கு மேலே காற்றுத் துளைகள், சமையலறையில் ஓட்டைக் கற்கள், நாக்கோ கண்ணாடி ஜன்னல்கள். வெப்ப நாட்டுக்கு நல்ல ஏற்பாடுதான். புகை நாளில் அவ்வளவும் திறந்த வாசல். ஆகவே ஒரே ஓர் அறையைத் தேர்ந்தெடுங்கள். ஜன்னல் குறைவாக உள்ள படுக்கையறை, முடிந்தால் குளியலறை ஒட்டியது, எல்லாரும் இரவில் படுக்க இடம் இருப்பது. நாக்கோ ஜன்னலை எவ்வளவு இறுக்கி மூடினாலும் கண்ணாடிகளுக்கு நடுவே இடைவெளி இருக்கும். அதன் மேல் தடித்த தெளிவான பிளாஸ்டிக் தாளை நாலா பக்கமும் ஒட்டுநாடாவால் ஒட்டுங்கள். காற்றுத் துளைக்கும் அதேதான். கதவின் அடியில் துண்டைச் சுருட்டி வையுங்கள். தாளையும் நாடாவையும் இன்றைக்கே அளவெடுத்து வெட்டி, சுருட்டி அலமாரியில் வைத்துவிட்டால் அன்றைக்கு ஒட்டுவது அரை மணிநேர வேலை.

அந்த அறைக்கு ஹெப்பா வடிகட்டி உள்ள காற்றுச் சுத்திகரிப்பான் ஒன்று வாங்க முடிந்தால் வாங்குங்கள். எத்தனை சதுர அடிக்குப் போதும் என்று பெட்டியில் போட்டிருப்பார்கள்; உங்கள் அறையைவிடப் பெரிய அளவாகப் பாருங்கள். ஓசோன் வெளியிடும் வகை வேண்டாம், அது நுரையீரலுக்கே கெடுதல். மாற்று வடிகட்டி ஒன்றையும் சேர்த்து வாங்கி வையுங்கள். ஏர்கோன் ஓடினால் போதும் என்று பலர் நினைக்கிறார்கள். சுவரில் மாட்டும் சாதாரண ஏர்கோன் அறைக்காற்றையே திரும்பத் திரும்பக் குளிரச் செய்கிறது. அதிலுள்ள வலை தூசியைத் தடுக்கும், நுண்துகளைத் தடுக்காது. ஆனாலும் அதற்கு ஒரு பெரிய பயன் உண்டு. ஜன்னலைச் சாத்தி வைத்துக்கொண்டு இருக்க முடிகிறது.

ஏர்கோன் இல்லாத வீட்டின் நிலை கடினமானது, அதை மறைக்க நான் விரும்பவில்லை. எல்லாவற்றையும் அடைத்து, 34 டிகிரி வெயிலில், எழுபது வயதுப் பாட்டியை உள்ளே உட்கார வைப்பதும் ஆபத்துதான். வெப்பமும் கொல்லும். அப்படிப்பட்ட வீட்டுக்குப் பகலில் வேறோர் இடம் வேண்டும்: உறவினர் வீடு, நூலகம், பேரங்காடி. எந்த வீட்டுக்குப் போவது என்று முன்கூட்டியே பேசி வையுங்கள். மழை பெய்து எண் குறைந்தவுடன் எல்லா ஜன்னலையும் திறந்து உள்ளே தங்கிய காற்றை வெளியேற்றுங்கள். தரையை ஈரத் துணியால் துடையுங்கள். பெருக்கினால் படிந்த துகள் மறுபடி எழும்.

தாய்மார்களிடம் ஒரு வேண்டுகோள், மிகுந்த பணிவோடு. ஜன்னலைச் சாத்திய வீட்டுக்குள் எது எரிந்தாலும் அந்தப் புகை உள்ளேயேதான் இருக்கும். சாம்பிராணி, ஊதுவத்தி, கற்பூரம், கொசுவத்தி எல்லாமே நுண்துகளைத் தருபவை. மூடிய அறையில் சாம்பிராணி போட்டுவிட்டு வெளியே உள்ள புகைக்குப் பயப்படுவதில் பொருள் இல்லை. புகை நாள்களில் சிறு நல்லெண்ணெய் விளக்கு ஒன்றோடு நிறுத்திக்கொள்ளுங்கள், பூ சாத்துங்கள், தூபத்தைத் தள்ளி வையுங்கள். ஒரு வாரம் சாம்பிராணி இல்லாவிட்டால் எந்தத் தெய்வமும் கோபிக்காது என்பது என் நம்பிக்கை. சமையலிலும் அப்படித்தான். வறுப்பதையும் பொரிப்பதையும் குறைத்து, அவித்ததும் குழம்பு வைத்ததுமாகச் சமாளியுங்கள். கொசுவத்திக்குப் பதில் கொசுவலை கட்டுங்கள். டெங்கி உள்ள ஊரில் கொசுத் தடுப்பை விட்டுவிடவும் முடியாது.

முகக்கவசத்தைப் பற்றி: கொரோனா காலத்தில் நாம் பழகிய மெல்லிய அறுவைச் சிகிச்சைக் கவசம் நுண்துகளுக்குப் போதாது, ஓரங்கள் வழியே காற்று உள்ளே போகும். என்95 வகைதான் வேண்டும். முகத்தோடு ஒட்டி இருந்தால்தான் அதற்கும் பயன். தைப்பூச விரதத்துக்குத் தாடி வளர்த்திருப்பவருக்கு அது சரியாக ஒட்டாது. தைப்பூசம் வருவது வறண்ட ஜனவரி, பிப்ரவரியில் என்பதால் இதைச் சொல்கிறேன். பத்துமலைக்குக் காவடி எடுக்கிறவர் ஆஸ்துமாக்காரராக இருந்தால் அன்றைய எண்ணைப் பார்த்துவிட்டுப் போகட்டும். ஈரத் துணியை மூக்கில் கட்டிக்கொள்வது வெறும் ஆறுதல். துகளை அது நிறுத்தாது. பிள்ளைகளுக்குச் சிறிய அளவுக் கவசம் தனியாகப் பார்த்து வாங்க வேண்டும்.

மருந்து விஷயத்தில் இரண்டு வாரத்துக்கு மேல் கையிருப்பு வையுங்கள். ஆஸ்துமா உள்ள பிள்ளைக்கு, மூச்சு அடைக்கும்போது இழுக்கும் பம்ப் ஒன்று, தினமும் இழுக்கச் சொன்ன பம்ப் ஒன்று. பலர் இரண்டாவதை 'இப்போது நன்றாகத்தானே இருக்கிறான்' என்று நிறுத்திவிடுகிறார்கள். புகைக் காலத்துக்கு முன்பே கிளினிக்கில் காட்டி அதைத் தொடர வேண்டும். ஒரு வாக்கியத்தை முழுதாகச் சொல்ல முடியாத மூச்சுத்திணறல், நெஞ்சுவலி, உதட்டில் நீலம், இவற்றில் எது கண்டாலும் காத்திருக்காமல் 999.

இத்தனையும் ஜன்னல் உள்ளவர்களுக்கு. ஜன்னலைச் சாத்த முடியாதவர்களைப் பற்றி யார் பேசுவது? கிள்ளான் துறைமுகத்தில் லோரி ஓட்டுகிறவர், அடுக்குமாடியின் வாசலில் பன்னிரண்டு மணிநேரம் நிற்கும் பாதுகாவலர், மோட்டார்சைக்கிளில் சாப்பாடு கொண்டுவரும் பையன், நெடுஞ்சாலையோரம் புல் வெட்டுகிறவர். இவர்களில் நம் ஆட்கள் எத்தனை பேர் என்று உங்களுக்கே தெரியும். கடினமாக வேலை செய்கிறவர் வேகமாக, ஆழமாக மூச்சு இழுக்கிறார். வீட்டில் உட்கார்ந்திருப்பவரைவிடப் பல மடங்கு புகை அவர் உள்ளே போகிறது. தினச் சம்பளக்காரரிடம் 'வெளியே போகாதே' என்று சொல்வது அறிவுரை ஆகாது. என்95 கவசத்தை முதலாளி வாங்கித் தர வேண்டும், 200-க்கு மேல் கடும் வேலையை நிறுத்தி அந்த நாளுக்கும் சம்பளம் தர வேண்டும். இந்த அவையில் முதலாளிமார்கள் இருக்கிறீர்கள், குடியிருப்பு நிர்வாகக் குழுவில் உள்ளவர்களும் இருக்கிறீர்கள். உங்கள் வாசலில் நிற்கும் பாதுகாவலருக்குக் கதவு சாத்தக்கூடிய ஓர் அறை உண்டா என்று பாருங்கள்.

சில வீடுகளுக்குத் தீயே நேரில் வரவும் கூடும். கம்புட் நிலத்தின் ஓரத்தில் உள்ள கம்பங்கள், லாலாங் புல் மண்டிய காலி நிலத்தை ஒட்டிய தாமான்கள். பிப்ரவரி, மார்ச் வெயிலில் லாலாங் பற்றினால் காற்றின் வேகத்தில் ஓடும். 2018 மார்ச் 11 அன்று தமிழ்நாட்டின் தேனி மாவட்டம் குரங்கணி மலையில் மலையேறப் போனவர்களைப் புல்வெளித் தீ சூழ்ந்து, இருபதுக்கும் மேற்பட்டோரின் உயிரைப் பறித்தது. சரிவில் தீ மேல்நோக்கி மனிதனைவிட வேகமாக ஏறும். தப்பிக்க நேர்ந்தால் மேட்டை நோக்கி ஓடாமல், காற்று அடிக்கும் திசைக்குக் குறுக்கே, ஏற்கெனவே எரிந்து முடிந்த இடம் அல்லது தார்ச்சாலையை நோக்கிப் போக வேண்டும்.

இப்படிப்பட்ட ஓரத்தில் வாழ்கிறவர்கள் வேலியிலிருந்து சில மீட்டர் தூரத்துக்கு லாலாங்கை வெட்டி அகற்றுங்கள். கூரைத் தகரத்திலும் மழைநீர்க் காலிலும் கிடக்கும் காய்ந்த இலையை வாருங்கள். சமையல் எரிவாயுத் தோங்கை வேலி ஓரத்தில் வைக்காதீர்கள். அடையாள அட்டை, பிறப்புச் சான்றிதழ், வீட்டுப் பத்திரம், மருந்துச் சீட்டு எல்லாம் ஒரே உறையில் இருக்கட்டும். கம்புட் தீயை வாளித் தண்ணீரோடு அணைக்க நீங்களாகப் போகவே கூடாது. மேலே சாம்பல் படிந்த தரை போலத் தெரியும் இடம் உள்ளே எரிந்து குழியாகி இருக்கலாம், கால் வைத்தால் இறங்கிவிடும். வேர் எரிந்த மரம் ஓசையின்றிச் சாயும்.

எல்லாரும் செய்ய வேண்டியது இன்னொன்று, இது எந்தத் தீக்கும் பொருந்தும். நம் வரிசை வீடுகளில் திருடனுக்குப் பயந்து முன்னும் பின்னும் கிரில் போட்டு, பூட்டுப் போட்டு, சாவியை அப்பாவின் சட்டைப் பையில் வைத்திருக்கிறோம். இரவில் புகை நிறைந்த வீட்டில் அந்தச் சாவியைத் தேட நேரம் இருக்காது. ஒவ்வொரு கிரிலுக்கும் ஒரு சாவி அதன் அருகிலேயே, வெளியிலிருந்து கைக்கு எட்டாத, உள்ளிருந்து பிள்ளைக்கும் எட்டும் உயரத்தில் தொங்க வேண்டும். மாடி ஜன்னல்களில் ஒன்றாவது திறக்கும் கிரிலாக இருக்க வேண்டும். இன்றிரவு வீட்டுக்குப் போனதும் விளக்கை அணைத்துவிட்டு, கண்ணை மூடிக்கொண்டு உங்கள் கடைசி மகளால் கதவைத் திறக்க முடிகிறதா என்று பாருங்கள்.

இனி, நான் அதிகம் கவலைப்படும் விஷயத்துக்கு வருகிறேன். புகை என்றால் இந்தோனேசியா என்று சொல்லிவிட்டு நாம் கைகழுவிவிடுகிறோம். ஜூன் முதல் செப்டம்பர் வரை தென்மேற்குக் காற்றில் சுமத்ராவின் ரியாவ் மாகாணத்துப் புகை மலாக்கா நீரிணையைக் கடந்து வருவது உண்மைதான். அதற்காகவே ஆசியான் நாடுகள் 2002 ஜூன் 10 அன்று இதே கோலாலம்பூரில் எல்லைதாண்டிய புகைமூட்ட ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டன. இந்தோனேசிய நாடாளுமன்றம் அதை ஏற்க 2014 வரை ஆனது. ஆனால் அந்த 2014-ன் பிப்ரவரி, மார்ச்சை நினைத்துப் பாருங்கள். சிலாங்கூரில் குழாய்த் தண்ணீர் பங்கீடு நடந்த அதே வாரங்களில் நம் சொந்தக் கம்புட் நிலங்களும் எரிந்துகொண்டிருந்தன. கிள்ளானின் ஜோஹான் செத்தியா எங்கோ கடல்கடந்து இல்லை. கோத்தா கெமுனிங்கிலிருந்து சில நிமிடத் தூரம். அங்கே பயிர்க்கழிவை எரிக்க வைத்த தீ மண்ணுக்குள் இறங்கி, ஆண்டுதோறும் வறண்ட மாதங்களில் சுற்றுவட்டாரத்தையே திணற வைக்கிறது. அதனால்தான் அங்கே தனியாகக் காற்றுத் தர அளவை நிலையமே வைத்திருக்கிறார்கள்.

1974-ம் ஆண்டு சுற்றுச்சூழல் தரச் சட்டத்தின் 29ஏ பிரிவு திறந்தவெளி எரிப்பைத் தடுக்கிறது. 5 லட்சம் வெள்ளி வரை அபராதம், 5 ஆண்டு வரை சிறை என்று இருந்த தண்டனையை 2024-ல் இன்னும் கடுமையாக்கினார்கள். ஆனால் கழிவை எரிக்காதே என்று மட்டும் சொல்லி, அதை என்ன செய்வது என்று சொல்லாவிட்டால் சிறு விவசாயி எரிக்கத்தான் செய்வார். தோட்டத்தில் வளர்ந்தவர்கள் மறுநடவுக் காலத்தை அறிவீர்கள். பால்மரங்களைச் சாய்த்துக் குவித்து நாள்கணக்கில் எரிப்பார்கள். அதையும் மாற்ற முடிந்தது. கோல்டன் ஹோப் நிறுவனம் பழைய மரங்களை எரிக்காமல் சிறு துண்டாக்கி, வரிசைகளுக்கு நடுவே மக்கவிட்டு மறுநடவு செய்தது; அதற்கு 1992-ல் ஐ.நா. சுற்றுச்சூழல் திட்டத்தின் குளோபல் 500 விருதும் கிடைத்தது. பெரிய தோட்டத்துக்கு இயந்திரம் உண்டு. ஐந்து ஏக்கர் குத்தகைக்காரருக்குக் கழிவை அரைக்கும் இயந்திரத்தை ஊராட்சி மன்றம் வாடகைக்குக் கொடுத்தால், ஹெலிகாப்டரில் தண்ணீர் கொட்டுவதைவிடச் செலவு குறைவாகத்தான் இருக்கும்.

நம் பங்கும் இதில் இருக்கிறது. தீபாவளிக்கும் பொங்கலுக்கும் வீட்டைத் துப்புரவு செய்து பழைய பாயையும் பெட்டியையும் கொல்லையில் கொளுத்தும் வழக்கத்தை விட்டுவிட வேண்டும். போகி வருவது ஜனவரி நடுவில், மேற்குக் கரையில் வறட்சி தொடங்கும் நேரம். தாமான் ஓரத்துக் குப்பைத் தீயிலிருந்து லாலாங்குக்கும், லாலாங்கிலிருந்து கம்புட் மண்ணுக்கும் தூரம் அதிகம் இல்லை.

தண்ணீரைத் திரும்ப நிறுத்தினால் மண் பிழைக்கும் என்பதற்குச் சான்று வடக்கே இருக்கிறது. கோல சிலாங்கூரின் ராஜா மூசா வனக்காப்பகம், சுமார் 23,500 ஹெக்டேர். மரம் வெட்டக் கால்வாய் தோண்டி, பிறகு அத்துமீறிப் பயிரிட்டு, அடிக்கடி எரிந்த காடு அது. 2008 முதல் சிலாங்கூர் வனத்துறையும் குளோபல் என்விரோன்மென்ட் சென்டர் என்ற அமைப்பும் சுற்றுக் கம்பத்து மக்களைச் சேர்த்துக்கொண்டு கால்வாய்களைக் களிமண்ணால் அடைத்தார்கள், நீர்மட்டம் ஏறியது, மாஹாங் மரக் கன்றுகளை நட்டார்கள். கம்பத்து மக்களே தீக் கண்காணிப்புக்குச் சுற்றி வருகிறார்கள். அந்தக் காடு தேக்கும் தண்ணீர் தஞ்சோங் காராங், செகிஞ்சான் வயல்களுக்கும் உதவுகிறது. நம் தட்டில் விழும் சோற்றிலும் அதன் பங்கு உண்டு.

தெற்கே கோல லங்காட் வடக்கு வனக்காப்பகத்தின் நிலை கவலைக்குரியது. 1927-ல் 7,000 ஹெக்டேருக்கு மேல் இருந்தது, குறைந்து குறைந்து ஆயிரத்துக்கும் கீழே வந்துவிட்டது. அதிலும் 536 ஹெக்டேரைக் காப்பகப் பட்டியலிலிருந்து நீக்கியது 2021 ஆகஸ்டில் வெளியே தெரிந்தது. தெமுவான் பூர்வகுடிகளும் பொதுமக்களும் எதிர்த்த வேகத்தில், செப்டம்பர் 8-ம் தேதி மாநில அரசு அதைத் திரும்பப் பெற்றது. அந்த எதிர்ப்புக்காக நடந்த கையெழுத்து இயக்கத்தில் நம் தமிழ்ப் பெயர்கள் இன்னும் பல சேர்ந்திருக்க வேண்டும். கம்புட் காட்டைக் காப்பது பந்திங்கிலும் கிள்ளானிலும் பிரிக்ஃபீல்ட்ஸிலும் வாழும் நம் பிள்ளைகளின் நுரையீரலைக் காக்கும் வேலை. அடுத்த முறை மாநில அரசு மக்கள் கருத்தைக் கேட்கும்போது, கோயில் நிர்வாகங்களும் தமிழ்ப்பள்ளிப் பெற்றோர் ஆசிரியர் சங்கங்களும் கடிதம் எழுத வேண்டும்.

கடைசியாக இந்த வட்டாரத்துக்கு ஒரு வேலை. பிரிக்ஃபீல்ட்ஸின் பழைய அடுக்குமாடிகளில் பிள்ளைகள் வெளியூரில் இருக்க, தனியாக வாழும் முதியவர்கள் பலர். குறியீடு 150-ஐத் தாண்டும் நாளில் அவர்கள் கதவை யார் தட்டுவது, யாருடைய வீட்டு அறையில் அவர்களைப் பகலில் உட்கார வைப்பது, யார் மருந்தகத்துக்குப் போவது என்பதை இப்போதே எழுதி வைத்துக்கொள்ளலாம். மாடிக்கு ஒருவர் போதும். பின்னால் உள்ள மேசையில் தாள் வைத்திருக்கிறோம். உங்கள் கட்டடத்தின் பெயரையும், நீங்கள் பார்த்துக்கொள்ளக்கூடிய வீடுகளின் எண்களையும் எழுதிவிட்டுத் தேநீர் குடிக்கப் போங்கள்.